பைத்தியம், மொழி, காலனியம்: பிளிடா மருத்துவமனையில் ஃபனான்

ஃபனானை நாம் எப்படிப் படித்தோம் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். 'பூமியின் சபிக்கப்பட்டவர்கள்' நூலின் பெங்குவின் பதிப்பு, பாதி நேரம் அதன் செராக்ஸ், கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்தது. சார்த்தரின் முன்னுரையைப் படித்தோம். வன்முறை பற்றிய முதல் அத்தியாயத்தில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு போட்டோம். தேசிய முதலாளிகளைப் பற்றி அவர் சொன்னதைக் கூட்டங்களில் எடுத்துச் சொன்னோம். ஐந்தாம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது. காலனியப் போரும் மனக்கோளாறுகளும் பற்றியது. நான் பார்த்த பிரதிகளில் எல்லாம் அந்தப் பக்கங்கள் சுத்தமாகவே இருந்தன. டாக்டர் குறிப்புகள்தானே என்று தாண்டிப் போனவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் ஃபனானுக்கு அதுதான் தொழில். புரட்சியாளர் என்று நாம் போற்றும் அந்த மனிதர் காலையில் எழுந்து வார்டுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்து, நர்சுகளோடு சண்டை போட்டு, மருந்துச்சீட்டு எழுதிவிட்டு வந்துதான் மற்றதையெல்லாம் எழுதினார். அவருடைய மருத்துவக் கட்டுரைகள் நெடுங்காலம் துறைசார்ந்த இதழ்களுக்குள்ளேயே கிடந்தன. 2015இல் பிரெஞ்சிலும் 2018இல் ஆங்கிலத்திலும் அவை தொகுக்கப்பட்ட பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டின. அவற்றில் ஒரு கட்டுரை என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது. ஒரு தோல்வியைப் பற்றிய கட்டுரை அது. நல்ல எண்ணத்தோடு, முற்போக்கான கோட்பாட்டோடு, சலியாத உழைப்போடு செய்யப்பட்ட ஒரு காரியம் எப்படி மண்ணைக் கவ்வியது என்று செய்தவரே எழுதியது. 1954இல் வெளிவந்தது. அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

முதலில் இடம். அல்ஜியர்ஸ் நகரத்திலிருந்து தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் பிளிடா. மிட்டிஜா சமவெளியின் ஓரத்து ஊர். 1830இல் பிரெஞ்சுப் படை வந்திறங்கிய பிறகு அல்ஜீரியாவின் நல்ல நிலங்கள் படிப்படியாக ஐரோப்பியக் குடியேறிகள் கைக்குப் போயின. மிட்டிஜாவில் திராட்சைத் தோட்டங்கள் பரந்தன. மது அருந்தாத மக்களின் பூமியில் மதுவுக்கான பயிர். காலனியப் பொருளாதாரத்துக்கு இதைவிடத் துல்லியமான படம் கிடைக்காது. நிலத்தை இழந்தவன் அதே நிலத்தில் கூலிக்குப் போனான், அல்லது நகரத்து ஓரச் சேரிக்குப் போனான். அவர்களில் சிலர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்த மருத்துவமனை.

காலனிய மனநோய் மருத்துவமனை என்றதும் இருட்டறை, சங்கிலி, சாட்டை என்று நமக்கு ஒரு சித்திரம் வந்துவிடுகிறது. பிளிடா அப்படி இருக்கவில்லை. 1930களில் திறக்கப்பட்ட அது, அந்தக் காலத்து அளவில் நவீனமான மருத்துவமனை. தோட்டங்களுக்கு நடுவே தனித்தனிக் கட்டடங்கள். அதற்கு முன்னால் அல்ஜீரிய மனநோயாளிகளைக் கப்பலேற்றி மத்தியதரைக் கடலுக்கு அப்பால் தெற்கு பிரான்சின் விடுதிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாத, உறவு எட்டாத ஒரு தேசத்துக்கு. பலர் திரும்பவில்லை. இந்த அநியாயத்தை எதிர்த்து, அல்ஜீரியாவிலேயே நல்ல மருத்துவமனை வேண்டும் என்று பல வருஷம் போராடியவர் அந்துவான் போரோ என்ற பேராசிரியர். பிளிடா மருத்துவமனை உருவானதில் பெரும்பங்கு அவருடையது.

இதே போரோதான் அல்ஜியர்ஸ் மனநோயியல் மரபின் பிதாமகரும். 1918இல் 'முஸ்லிம் மனநோயியல்' பற்றி அவர் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கி, 1930களில் அவரும் மாணவர்களும் சேர்ந்து எழுதியவை வரை ஒரே வாதம் வலுத்துக்கொண்டே போனது. வட ஆப்பிரிக்கன் உணர்ச்சிவசப்படுபவன், பிடிவாதக்காரன், பொய்யன், பிறவிக் குற்றவாளி. அவனுக்கு அகவாழ்வு கிடையாது. ஐரோப்பியன் மனம் சோர்ந்தால் தன்னையே கொன்றுகொள்கிறான், இவனோ அடுத்தவனைக் கொல்கிறான். ஏனென்றால் இவனுடைய மூளையில் புறணியின் ஆட்சி குறைவு, கீழ்ப்பகுதியின் ஆட்சி அதிகம். இதை ஏதோ காப்பிக்கடையில் பேசவில்லை, பல்கலைக்கழகத்தில் பாடமாக நடத்தினார்கள். அல்ஜியர்ஸில் மருத்துவம் படித்தவர்கள் இதைப் படித்துத்தான் டாக்டரானார்கள். கிழக்கே கென்யாவில் மனநோய் மருத்துவமனையை நடத்திய கரோதர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1953இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய நூலில், ஆப்பிரிக்கனின் மனம் மூளையின் முன்பகுதியை வெட்டித் துண்டித்த ஐரோப்பியனின் மனத்தை ஒத்தது என்கிற வரைக்கும் போனார். நூல் வந்த காலத்தில் அங்கே மாவ் மாவ் எழுச்சி நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

போரோவை நான் சினிமா வில்லனாக்க விரும்பவில்லை. அக்கறையும் இழிவுபடுத்தலும் ஒரே ஆளிடம், ஒரே காரியத்தில், ஒன்றுக்கொன்று முட்டாமல் இருந்தன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நோயாளிக்கு நல்ல கட்டில், நல்ல காற்று, நல்ல தோட்டம். கூடவே, அவன் மூளையே கீழானது என்ற விஞ்ஞானம். வார்டுகளும் அதன்படியே பிரிந்திருந்தன. ஐரோப்பியர்களுக்குத் தனி, முஸ்லிம்களுக்குத் தனி.

1953 நவம்பரில் ஃபனான் இங்கே துறைத் தலைவராக வந்து சேர்கிறார். வயது 28. கரீபியன் கடலில் மார்த்தினிக் தீவில் பிறந்து, லியோன் நகரில் மருத்துவம் படித்து, 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலை 1952இல் வெளியிட்டிருந்தவர். வரும்போது கையில் ஒரு கோட்பாடும் இருந்தது. அது பிரான்சின் லோஸேர் மலைப்பகுதியில் இருக்கும் சேந்த்-ஆல்பான் மருத்துவமனையில் கற்றது. அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் பிரான்சுவா தோஸ்கெயெஸ். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு எதிராக நின்று, தோற்று, எல்லை தாண்டி வந்த கதலோனியர். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சின் மனநோய் மருத்துவமனைகளில் சுமார் 40,000 பேர் பட்டினியாலும் அதனால் வந்த நோய்களாலும் செத்தார்கள். ரேஷனில் பைத்தியக்காரர்களுக்குக் கடைசி இடம். சேந்த்-ஆல்பானில் நோயாளிகளும் நர்சுகளும் கன்னியாஸ்திரிகளும் வெளியே போய்ப் பக்கத்துக் குடியானவர்களிடம் வேலை செய்து, பண்டமாற்றுச் செய்து, பெரும்பாலும் உயிரோடு தப்பினார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் நிறுவன உளசிகிச்சை. அதன் சாரத்தை நம் பேச்சில் சொல்வதானால், நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார். மருத்துவர், நர்ஸ், நோயாளி என்ற அடுக்கைக் கலை. எல்லோரும் சேர்ந்து கூட்டம் போட்டு, பத்திரிகை நடத்தி, விழா எடுத்து, வேலை பிரித்து, ஒரு சின்னச் சமூகத்தைக் கட்டு. உடைந்துபோன ஆள் அதற்குள் மறுபடி பேசப் பழகுவான்.

பிளிடாவில் ஃபனானின் பொறுப்பில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் ஐரோப்பியப் பெண்கள் 165 பேர். மற்றதில் முஸ்லிம் ஆண்கள் 220 பேர். ஒரே மருத்துவர், ஒரே கோட்பாடு, ஒரே நேரம். யாரும் திட்டமிடாமலே ஒரு சோதனைக்கூடம் அமைந்துவிட்டது.

பெண்கள் பிரிவில் நினைத்தது நடந்தது. வாரத்துக்கு இரண்டு கூட்டம். விழாக் குழு, சினிமாக் குழு, இசைத்தட்டுக் குழு. 'நமது பத்திரிகை' என்ற பெயரில் டிசம்பரிலேயே ஓர் இதழ் தொடங்கியாயிற்று. ஃபனானே அதில் தலையங்கம் எழுதினார். வந்த முதல் மாதத்திலேயே கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், மரம், பாட்டு எல்லாம். தையல், பின்னல். கட்டிப்போடுவதும் தனியறையில் அடைப்பதும் குறைந்தன. (ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். பின்னலும் தையலும் திரைச்சீலையும் தந்து பெண்களை மறுபடி வீட்டுப் பெண்களாக்குவதைத்தான் குணமாதல் என்று கருதினார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஃபனானுக்கு அந்தச் சந்தேகம் வந்த மாதிரித் தெரியவில்லை.)

முஸ்லிம் ஆண்கள் பிரிவில் அதே காரியங்களைச் செய்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கூட்டம் கூட்டினார்கள். நோயாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். மருத்துவர் பிரெஞ்சில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அரபியில் கேட்டார். பதில் இல்லை. சிலர் எழுந்து போனார்கள். சிலர் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். விளையாட்டு என்றால் ஆர்வமில்லை, பாட்டு என்றால் அசைவில்லை. நாடகம் போடலாம் என்றால் நடிக்க ஆளில்லை. பத்திரிகையில் எழுதச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையே விரல்விட்டு எண்ண வேண்டிய வார்டில் பத்திரிகைக்கு யார் எழுதுவது? நார் கொடுத்துக் கூடை பின்னச் சொன்னார்கள். அதையும் தொடவில்லை. பல வாரம் போராடியும் வார்டு மாறவில்லை. சண்டை, கூச்சல், தண்டனை, மறுபடி சண்டை. பழைய நர்சுகளுக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. எங்களை மாதிரி வருஷக்கணக்கில் இங்கே இருந்து பாருங்கள், உங்களுக்கே புரியும் என்று இளம் டாக்டர்களிடம் சொன்னார்கள்.

புரியும் என்றால் என்ன புரியும்? போரோ சொன்னது புரியும். இவர்களுக்கு அகவாழ்வு இல்லை, கூட்டுவாழ்வு தெரியாது, இவர்கள் மூளையே அப்படி என்பது புரியும். கோட்பாடு தோற்கிற இடத்தில் இனவாதம் ரொம்ப சுலபமாகக் கிடைக்கிற விளக்கம். முற்போக்காளருக்கு அது இன்னும் சுலபம். நாங்க எவ்வளவோ செஞ்சு பாத்தோம், அவங்க வரலியே என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நம் கூட்டங்களில் பின்வரிசையில் வாய்திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போகிற கூலிக்காரர்களைப் பற்றி, கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்று நாமும் இதைச் சொல்லியிருக்கிறோம். நான் சொல்லியிருக்கிறேன்.

ஃபனானும் அவரிடம் பயிற்சி மருத்துவராக இருந்த ஜாக் அஸூலேயும் அங்கே நின்றுவிடவில்லை. அஸூலே அல்ஜீரிய யூதர், அந்த மண்ணிலேயே பிறந்தவர். அவருக்கும் அரபி வராது. இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் நான் சொன்னது. அதில் அவர்கள் தங்களையே கூண்டில் ஏற்றுகிறார்கள். ஐரோப்பிய வாழ்க்கையிலிருந்து எடுத்த ஒரு சட்டகத்தை, யாருக்குச் செய்கிறோம் என்று கேட்காமலே தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டோம். பூர்வீக மக்கள்தான் நம் பக்கம் வர வேண்டும், நாம் அவர்கள் பக்கம் போக வேண்டியதில்லை என்பது காலனிய அரசின் ஒன்றாக்கக் கொள்கை. அரசாங்கத்தை எதிர்த்துக்கொண்டே அந்தக் கொள்கையைத்தான் வார்டுக்குள் நாங்களும் நடத்திக்கொண்டிருந்தோம். இந்த ஒப்புதலின் கனம் சாதாரணமானதல்ல. எழுதியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு பேசுவதன் மூலம் கறுப்பன் எப்படி வெள்ளையனாகப் பார்க்கிறான் என்று இரண்டு வருஷத்துக்கு முன்புதான் ஒரு நூலே எழுதியவர். பிளிடாவின் முஸ்லிம் நோயாளிக்கு அவர் யார்? வெள்ளைக் கோட்டு போட்ட, பிரெஞ்சு பேசுகிற, அரசாங்கம் அனுப்பிய டாக்டர். தோல் கறுப்பாக இருந்தது என்பது அங்கே பெரிய விஷயமாக இல்லை.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி அவர்கள் சொல்வது இன்னும் முக்கியம். அல்ஜீரியக் குடியானவன் தன் வாழ்க்கையில் மொழிபெயர்ப்பாளரை எங்கே பார்த்திருக்கிறான்? கோர்ட்டில். நிர்வாக அலுவலகத்தில். நிலத்தைப் பிடுங்கும்போது, வரி கேட்கும்போது, விசாரிக்கும்போது. அவனுடைய பேச்சு அரசாங்கத்தின் காதுக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருப்பவர் அவர். அதே மாதிரி ஒருவர் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, உனக்கு என்ன கஷ்டம், மனதைத் திறந்து சொல் என்றால் அவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொள்வான். அவன் மௌனம் நோயின் அறிகுறி அல்ல. புத்தியுள்ளவன் செய்கிற காரியம் அது. உளமருத்துவத்தில் நோயாளியின் பேச்சுதான் எல்லாம். அந்தப் பேச்சே மூன்றாவது ஆளின் வழியாக வந்தால், சொல்லுக்குள் இருக்கும் தயக்கம், கிண்டல், பழமொழி, வசவு எல்லாம் வடிந்துபோய்ச் சக்கைதான் டாக்டருக்கு மிஞ்சுகிறது.

பிறகு மாற்றினார்கள். மாற்றங்கள் பார்வைக்குச் சின்னவை. வார்டுக்குள் ஊர்ப்பக்கத்துக் காப்பிக்கடை ஒன்று, மூர்களின் பாணியில். ஆண்கள் பாயில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே பேசுகிற இடம். யாரும் கூட்டம் என்று கூட்டவில்லை, பேச்சு தானாக நடந்தது. முஸ்லிம் பண்டிகைகள் முறையாகக் கொண்டாடப்பட்டன. தொழுகை நடத்த மார்க்க அறிஞர் வந்துபோனார். ஊர் ஊராகப் போய்க் கதை சொல்பவர் அந்தச் சமூகத்தில் உண்டு. நடிக்க மறுத்தவர்கள் கதைசொல்லியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கூடை பின்னாதவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் யாரும் சொல்லித்தராமலே மண்ணைக் கொத்தினார்கள். அவர்கள் குடியானவர்கள், அது போதும். நோயாளிகளே ஒரு கால்பந்து மைதானத்தை உண்டாக்கினார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். எனக்கு எழுந்தது. பாய், காப்பிக்கடை, கதைசொல்லி என்று போனால் இது போரோவின் 'முஸ்லிம் மனநோயியல்' வேறு வேஷத்தில் திரும்பி வருவதுதானே? அவர்களும் இவன் வேறு என்றார்கள். ஃபனானும் வேறு என்கிறார். காலனியம் தன் குடிமக்களைப் பண்பாட்டுக் கண்காட்சியில் வைத்துப் பார்க்கப் பிரியப்படும் ஒன்று. உன் பாயிலேயே உட்கார், உன் காப்பியையே குடி, அங்கேயே இரு என்பதும் அதிகாரத்தின் குரல்தான். பன்முகம், வித்தியாசம், விளிம்பு என்ற சொற்களை நாம் வேளைக்கு மூன்று முறை உச்சரிக்கிறோம். அதனால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

என் வாசிப்பில் இரண்டு வித்தியாசங்களும் ஒன்றல்ல. போரோவின் வித்தியாசம் மண்டையோட்டுக்குள் இருக்கிறது. அதற்கு வரலாறு கிடையாது, எனவே மாற்றமும் கிடையாது. 1954 கட்டுரையில் ஃபனானும் அஸூலேயும் அந்த 220 பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கிறார்கள். கூட்டு நிலம் எப்படி உடைந்தது, குடும்பம் எப்படிச் சிதறியது, நிலமுள்ளவன் எப்படிக் கூலியானான் என்று வார்டுக்கு வெளியே போகிறார்கள். பாயில் உட்காருவது ஏதோ முஸ்லிம் ரத்தத்தில் ஊறிய குணம் என்று அவர்கள் சொல்லவில்லை. காப்பிக்கடை அவர்களுக்கு முடிவான விடையும் இல்லை, பேச்சைத் தொடங்குவதற்கான ஓர் இடம். ஆனாலும் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு மெலிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்சம் சோம்பல்பட்டால் ஒன்று மற்றதாகிவிடும்.

அதற்குப் பின் அவர் செய்த ஆய்வுகளைப் பார்த்தால் அந்த மௌனத்தை அவர் விடவே இல்லை என்று தெரிகிறது. 1955இல் லக்கத்தோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து வாக்குமூலம் பற்றிப் பேசினார். வட ஆப்பிரிக்கக் குற்றவாளி போலீசில் ஒப்புக்கொள்கிறான், பிறகு எல்லாவற்றையும் மறுத்துவிடுகிறான், ஆகவே பொய்யன் என்பது அல்ஜியர்ஸ் மரபின் முடிவு. ஃபனான் கேள்வியையே திருப்பிப் போடுகிறார். ஒருவன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதென்றால், தண்டிக்கும் சமூகத்தை முதலில் தன்னுடையதாக அவன் ஏற்றிருக்க வேண்டும். அந்தச் சமூகத்தில் அவனைச் சேர்க்கவே இல்லையே, எதை ஒப்புக்கொள்வது? அடிபணிந்தான் என்பதை ஏற்றுக்கொண்டான் என்று படிக்கக் கூடாது.

1956இல் ஷார்ல் ஜெரோனிமியோடு செய்த ஆய்வு இன்னும் சுவையானது. உளவியலில் ஒரு சோதனை உண்டு. படங்களைக் காட்டி, இதைப் பார்த்து ஒரு கதை சொல்லுங்கள் என்பார்கள். கதையில் ஆளின் மனம் வெளிப்படும் என்பது நம்பிக்கை. மருத்துவமனையில் இருந்த முஸ்லிம் பெண்கள் சிலரிடம் இந்தப் படங்களைக் காட்டினார்கள். கதை வரவில்லை. படத்தில் இருப்பதைத் துண்டு துண்டாகச் சொன்னார்கள். இது ஒரு கை, இது ஏதோ ஒரு பொருள், இந்த ஆள் நிற்கிறானா படுத்திருக்கிறானா தெரியவில்லை. கற்பனைத் திறனே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அந்தச் சோதனையின் கடைசிப் பகுதியில் படமே இல்லாத வெறும் வெள்ளை அட்டை ஒன்று உண்டு. அதைக் கையில் கொடுத்ததும் அந்தப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். கதை வந்தது, வளமாக வந்தது. முன்னால் காட்டிய படங்களில் இருந்த அறைகளும் நாற்காலிகளும் மனிதர்களும் அவர்களை வரவிடாத ஓர் உலகத்தைச் சேர்ந்தவை. அந்த உலகத்தை எடுத்த பிறகுதான் அவர்களுடைய உலகத்துக்கு இடம் கிடைத்தது. இலக்கியம் பேசுகிற நாம் இந்த வெள்ளை அட்டையைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போடலாம்.

அதே ஆண்டில் பிரான்சுவா சான்ஷேஸோடு எழுதிய சிறு கட்டுரை, மக்ரெப் மக்கள் பைத்தியத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றியது. அங்கே நோய் ஜின்னால் வருகிறது. பைத்தியம் பிடித்தவன் அடித்தாலும் திட்டினாலும் திருடினாலும் செய்தவன் அவன் அல்ல, ஜின். அதனால் அவன்மேல் யாரும் பழிபோடுவதில்லை, மனதில் வைத்துக்கொள்வதும் இல்லை. குணமான பின் அவன் தலைகுனியாமல் ஊருக்குள் திரும்பலாம். விஞ்ஞானம் படித்த ஐரோப்பியன் நோய் என்று வாயால் சொன்னாலும், நோயாளி வேண்டுமென்றே செய்கிறான் என்ற சந்தேகத்தை விடுவதில்லை, அந்த சந்தேகத்துக்குத் தண்டனையும் தருகிறான் என்கிறார்கள். இதை வைத்து ஃபனான் தர்காவுக்கு வக்காலத்து வாங்கினார் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய முறையில் நோயாளிக்கு என்ன கிடைத்தது, ஆஸ்பத்திரியில் எது பறிபோயிற்று என்பதைக் கணக்குப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

ஃபூக்கோவைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பைத்தியத்தின் வரலாறு பற்றிய ஃபூக்கோவின் பெருநூலும் 'பூமியின் சபிக்கப்பட்டவர்கள்' நூலும் 1961 என்ற ஒரே ஆண்டில் வெளிவந்தவை. பீனெல் என்ற மருத்துவர் பாரீஸில் பைத்தியக்காரர்களின் சங்கிலியைக் கழற்றினார் என்ற புகழ்பெற்ற கதையை ஃபூக்கோ பிரித்துப் போட்டு, இரும்புச் சங்கிலி போய் மனதுக்குள் ஒரு சங்கிலி வந்தது என்று காட்டினார். ஃபனானைப் பற்றியும் சங்கிலியைக் கழற்றிய அதே கதையை வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஆனால் ஃபனான் மனநோயியலை எதிர்த்தவர் அல்ல. மின் அதிர்ச்சி கொடுத்தார், இன்சுலின் மயக்கம் கொடுத்தார், அவற்றைப் பற்றி தோஸ்கெயெஸோடு கட்டுரைகளும் எழுதினார். ஆஸ்பத்திரியைக் கொளுத்து என்று ஒருபோதும் சொன்னதில்லை. நோய் என்பது கட்டுக்கதை என்று வசதியான அறையில் உட்கார்ந்து பேசுவது அவருக்கு ஒத்துவராது. எதிரே 220 பேர் இருந்தார்கள், அவர்களில் சிலருக்கு ராத்திரி தூக்கமில்லை.

1954 நவம்பர் 1 அன்று போர் தொடங்கியது. அதற்குப் பிறகு வார்டு போர்க்களத்தின் நீட்சியானது. விடுதலை முன்னணிப் போராளிகள் ரகசியமாக வந்து சிகிச்சை பெற்றார்கள். அவர்களைச் சித்திரவதை செய்த போலீஸ்காரர்களும் தூக்கம் வரவில்லை என்று அதே டாக்டரிடம் வந்தார்கள். நாம் தாண்டிப்போன ஐந்தாம் அத்தியாயத்தில் இவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஐரோப்பியப் போலீஸ்காரர், ராத்திரியானால் காதில் அலறல் கேட்கிறது என்கிறார். ஒருநாள் மருத்துவமனை வளாகத்தில், தான் முன்பு வதைத்த ஓர் அல்ஜீரியரை எதிரே பார்த்துவிடுகிறார். போலீஸ்காரர் வியர்த்து நடுங்கி மரத்தில் சாய்ந்து நிற்கிறார். அந்த அல்ஜீரியரைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் கழிவறையில் தற்கொலைக்கு முயன்றுகொண்டிருக்கிறார். தன்னை மறுபடி பிடித்துப்போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். இன்னொரு போலீஸ் அதிகாரி வீட்டில் மனைவி மக்களையும் வதைக்கத் தொடங்கிவிட்டார். வேலையை விட அவருக்கு மனமில்லை. மன உறுத்தல் இல்லாமல் நிம்மதியாக வதை செய்ய உதவுங்கள் என்று டாக்டரிடம் கேட்கிறார்.

இந்த இரண்டாவது ஆள் கேட்டதில்தான் காலனிய மருத்துவத்தின் முழு அபத்தமும் இருக்கிறது. மருத்துவம் என்பது ஒருவனைத் தன் சூழலுக்குள் அந்நியமாக உணராமல் இருக்கச் செய்வது என்றால், இந்தச் சூழலில் குணமாக்குவது என்பதற்கு என்ன அர்த்தம்? வதைப்பவனை நல்ல வதையாளனாக்க வேண்டும், வதைபட்டவனை நல்ல அடிமையாக்க வேண்டும். 1956 கடைசியில் அல்ஜீரியாவுக்கான அமைச்சர் ரொபேர் லக்கோஸ்துக்கு ஃபனான் எழுதிய பதவிவிலகல் கடிதத்தின் வாதம் இதுதான். அல்ஜீரியன் தன் சொந்த நாட்டிலேயே நிரந்தர அந்நியனாக இருக்கையில், அந்நியமாதலுக்கு மருந்து தருவதாகச் சொல்லிக்கொண்டு அங்கே இருக்க முடியாது என்றார். 1957 ஜனவரியில் நாடுகடத்தல் உத்தரவு வந்தது.

நம் வாசிப்பில் ஃபனானின் மருத்துவம் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது. டாக்டர் செத்தார், புரட்சியாளர் பிறந்தார் என்று. அப்படி நடக்கவில்லை. துனிஸ் போனபின் விடுதலை முன்னணிக்கு வேலை செய்துகொண்டே மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். அங்கே ஷார்ல்-நிகோல் பொது மருத்துவமனையில் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவு ஒன்றை நடத்தினார். நோயாளி காலையில் வருவார், சாயங்காலம் வீட்டுக்குப் போவார். அதைப் பற்றி 1959இல் எழுதியபோது பிளிடாவையும் விமர்சித்தார். ஆஸ்பத்திரிக்குள் கட்டுகிற சின்னச் சமூகம், அதில் எத்தனை காப்பிக்கடை இருந்தாலும், உறைந்துபோன போலிச் சமூகம்தான். அங்கே புதிதாக எதுவும் நேர்வதில்லை. நோயாளியின் சண்டை மனைவியோடு, முதலாளியோடு, தெருவோடு. அந்தச் சண்டையிலிருந்து அவனை எடுத்துத் தோட்டத்துக்கு நடுவே வைத்துவிட்டால் அவன் எதைத் தீர்ப்பான்? மூன்று வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையைப் பற்றி அந்த மனிதரே எழுதியது இது. எழுதும்போது வயது 34.

1961 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அல்ஜீரியாவில் புதைத்தார்கள். அடுத்த வருஷம் நாடு விடுதலை பெற்றது, பிளிடா மருத்துவமனைக்கு அவருடைய பெயர் வைத்தார்கள். அரபி கற்றுக்கொள்ள அவர் முயன்றதுண்டு. கடைசிவரை சரளமாக வரவில்லை. துனிஸிலும் நோயாளிக்கும் அவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருந்தார்.